குஷன் பறந்த நாளில் வெந்த கரி

பெருமதிப்புக்குரிய பேராசிரியர் அரிமுரா ஐயா அவர்களுக்கு,

யோகோதே ஊரிலிருந்து தொகாஷி எய்கிச்சி தலைவணங்கி எழுதுவது. இங்கே கூரைமேல் பனி நாலடிக்கு ஏறி நிற்கிறது. இரண்டு தடவை தள்ளிவிட்டேன். மூன்றாம் தடவைக்கு இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. சப்போரோவில் தங்கள் கூரையும் தங்கள் இடுப்பும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. தங்கள் துணைவியாரையும், பெயர் தெரியாததால் மொத்தமாகத் தங்கள் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். இத்துடன் என் மனைவி போட்ட புகைமுள்ளங்கி ஊறுகாய் மூன்று அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடவும். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம். ஏன் என்பது கடிதத்தின் நடுவில் வரும்.

நான் தங்களிடம் வேலை பார்க்கும் மதோகாவின் தகப்பன். நகராட்சித் தண்ணீர் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் மீட்டர் கணக்கெடுத்தவன். வீடு வீடாகப் போய், பனியைத் தோண்டி, இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற அன்று, இனி இந்தக் கை எந்த எண்ணையும் எழுதாது என்று மனைவி முன்னிலையில் சபதம் செய்தேன். அந்தச் சபதம் இன்றைக்கு என் மகளுடைய வேலைக்கு உலை வைக்கிறது. தங்களுக்கு நேரம் குறைவு என்று தெரியும், ஆகையால் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதோகா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்.

இந்த மாதம் மூன்றாம் தேதி, வறுத்த சோயாபீன்ஸை எறிந்து பேயை விரட்டுகிற நாள். வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு நான்தான் பேய். சிவப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். என் மனைவி தோமியே குறி தப்பாமல் எறிந்துகொண்டிருந்தாள். வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம் அவளுக்கு ரொம்பப் பிடித்தமானது. அப்போது தொலைபேசி அடித்தது. முகமூடியோடு எடுத்தேன். மதோகா.

“அப்பா, நீங்க அனுப்பின கரி நிஜமாவே தாமரைக்காய்தானா?”

“ஆமாம்மா. அதுல என்ன சந்தேகம்?”

“நாப்பது தாமரைக்காய் வாங்கி இங்க உலையில போட்டுப் பாத்துட்டேன்ப்பா. ஐநூறு டிகிரி, ஐநூத்தம்பது, அறுநூறு, எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுகூட உங்க கரி மாதிரி வரல. எத்தனை நேரம் வேக வெச்சீங்க?”

“சொல்ல முடியாதே.”

“ஏன்?”

“குறிச்சு வைக்கல.”

“முப்பத்தெட்டு வருஷம் மீட்டர் எழுதினவரு ஒரு வரி குறிச்சு வைக்கலையா?”

“அதனாலதான் வைக்கல.”

அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: “பாட்டில்ல இன்னும் மூணு தடவைக்குத்தான் தூள் இருக்கு. ஒரு தடவை மட்டும் வந்து மறுபடி வராததை யாரும் நம்ப மாட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள திரும்ப செஞ்சு காட்டச் சொல்லியிருக்காங்க. இல்லேன்னா கட்டுரை போகாது. மார்ச்சோட என் ஒப்பந்தமும் முடியுது. போன வாரம் கூட்டத்துல ஒருத்தர், இது நிஜமா தாமரையான்னு சிரிச்சுகிட்டே கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“அழறியா?”

“இல்ல. சளி.”

ஐயா, இவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே அழுகை வரும்போதெல்லாம் சளிதான். நான் முகமூடியைக் கழற்றாமலே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். தோமியே, “யாருங்க போன்ல?” என்றாள். “மதோகாதான், சளியாம்,” என்றேன். இது இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அல்ல, எண்ணிக்கையில் மூன்றாவது. முதல் இரண்டும் நவம்பரில் சொன்னவை. அங்கே போகிறேன்.

நவம்பருக்கு முன்னால் போன வருஷத்து ஊறுகாயைச் சொல்லியாக வேண்டும். தோமியே மதோகாவுக்குப் புகைமுள்ளங்கி ஊறுகாய் அனுப்பினாள். இவள் அதைத் தங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். எலிகளுக்கான மருந்தெல்லாம் ஊறுகாய் வாசம் அடிக்கிறதென்று தங்கள் சக ஊழியர்கள் முறையிட்டார்கள். அந்தச் செய்தி இங்கே வந்ததும், கெட்ட வாசனையை இழுக்க ஒரு பை கரி அனுப்பினால் ஆயிற்று என்று நான் முடிவு செய்தேன். யார் வீட்டுச் செருப்பு அலமாரியில் கரி இல்லை? எனக்கு அப்போது பூக்கரி செய்கிற கிறுக்கு பிடித்திருந்தது. தங்களுக்குத் தெரிந்திருக்கும், பைன்காய், தாமரைக்காய், முள்ளோடு கஷ்கொட்டை, எதையாவது தகர டப்பாவில் அடைத்து, மூடியில் ஊசித்துளை போட்டு விறகடுப்புக்குள் வைத்தால், உருவம் கலையாமல் அப்படியே கரியாக வரும். தேநீர் அறையில் தட்டில் வைத்து அழகு பார்ப்பார்கள். என்னுடையவை பெரும்பாலும் உருவம் கலைந்தே வரும். தோமியே பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, என்னது இது?” என்பாள்.

நேரத்துக்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை. சபதம். சுமோ பார்த்தே வேக வைப்பேன். மேல்வரிசை மல்லர்கள் அலங்கார முந்தானை கட்டி வளையத்துக்குள் வரும்போது டப்பா உள்ளே போகும். கடைசிக்கு முந்தின பந்தயம் முடிந்ததும் வெளியே வரும். கடைசிப் பந்தயத்தை நிம்மதியாகப் பார்க்க வேண்டும் அல்லவா. இந்த முறையில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

நவம்பர் போட்டியின் கடைசி நாள். தோமியே கொல்லைக் குடிசையில் முள்ளங்கிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். நான் அலமாரியிலிருந்து அரிசி பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். ஆட்டிப் பார்த்தேன், கடகடவென்று சத்தம் கேட்டது. தாமரைக்காய்க்குள் விதை ஆடுகிறது என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் துளை போட்டு அடுப்புக்குள் வைத்தேன். கடைசிக்கு முந்தின பந்தயம் முடிந்தது, இடுக்கியால் டப்பாவை எடுத்து அடுப்பு முன் செங்கல்மேல் வைத்தேன். அடுத்துக் கடைசிப் பந்தயம். தலைமை மல்லரான யோகோசுனாவுக்கு எதிரே நிற்பவன், அந்த நாளுக்கு முன்னால் யாரும் பேர்கூடக் கேட்டிராத பையன். நாலே வினாடி. யோகோசுனா வளையத்துக்கு வெளியே, முன்வரிசைக் கிழவரின் மடியில் கிடக்கிறார். அந்த மாதிரி நேரத்தில் அரங்கத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்த குஷனைத் தூக்கி எறிவது வழக்கம். இப்போதெல்லாம் எறியாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் கெஞ்சுகிறார்கள், ஆட்களும் அடங்கிப்போய்விட்டார்கள். நான் என் வீட்டில் இருக்கிறேன். எனக்கு எந்த ஒலிபெருக்கியும் கிடையாது. எறிந்தேன்.

குஷன் நேராகப் போய் டப்பாவை அடித்தது. டப்பா உருண்டது, மூடி ஒரு பக்கம் போனது, செக்கச்செவேலென்று கனன்ற துண்டுகள் பலகைத் தரை முழுக்கச் சிதறின. வீடு பற்றிக்கொள்ளும் என்று பயந்து இரண்டு செருப்புக் காலாலும் மிதித்தேன். அப்புறம் சாம்பல் கரண்டியால் வாரி டப்பாவில் போட்டு, மேலே சாம்பலைக் கொட்டி மூடினேன். ஆறின பிறகு திறந்தால் உள்ளே உருவம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. கறுப்புச் சில்லுகள். தோமியே உள்ளே வந்து, “ஏங்க, செருப்புல என்ன ஓட்டை?” என்றாள். “அடுப்புல இருந்து பொறி தெறிச்சுது,” என்றேன். இது முதல் பொய். “டப்பாவுல என்ன?” “தாமரைக்காய். வாசனை இழுக்கறதுக்குன்னே உடைச்சு வெச்சிருக்கேன்.” இரண்டாவது. அவள் டப்பாவுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் நான் பத்து வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போய், பழைய கிமோனோத் துணியில் சின்னப் பை ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். “இதுல போட்டு மதோகாவுக்கு அனுப்புங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க,” என்றாள். யோகோசுனா தோற்ற துக்கத்தில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மீதிக் கதை தங்களுக்கே தெரியும். ஏதோ ஒரு நாள் சோதனைக்குக் கரி தீர்ந்துபோய், மதோகா குளிர்பெட்டியில் தொங்கின பையிலிருந்து ஒரு சில்லை எடுத்துத் தூளாக்கி இயந்திரத்தில் வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை. “அப்பா, ஒல்லியா ஒரே ஒரு கோடு. ஆக்சிஜன் பட்டதும் எவ்வளவு அழகா விரியுது தெரியுமா?” எனக்கு ஒன்றும் தெரியாது. அவள்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கரித்தூளைக் காந்தத்தின் நடுவில் வைத்து நுண்ணலையைச் செலுத்தினால் திரையில் ஒரு கோடு வருமாம். சுற்றிலும் ஆக்சிஜன் கூடினால் கோடு அகலும், குறைந்தால் ஒடுங்கும். துளியூண்டு கரியை எலியின் தோலுக்கடியில் ஒரு தடவை வைத்துவிட்டால் போதும், அப்புறம் கிழிக்காமல் குத்தாமல், வேண்டுகிற நாளெல்லாம் அந்த இடத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று வெளியே இருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஆறாத புண்ணோடு கிடக்கும் மனிதர்களின் காலிலும் பார்க்கலாம் என்றாள்.

“அப்படின்னா அது மீட்டர்தானேம்மா,” என்றேன் நான்.

“ஆமாம்ப்பா. உள்ள வெச்ச மீட்டர்.”

“நீ கணக்கெடுக்கறவ.”

“ஆமாம்ப்பா. பனி தோண்டாம, மூடி தொறக்காம.”

ஐயா, முப்பத்தெட்டு வருஷம் நான் பார்த்த வேலையை இந்த வீட்டில் யாரும் ஒரு பொருட்டாகச் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. மகள் அப்படிச் சொன்னதும் எனக்கும் சளி பிடித்துவிட்டது.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். போன் வைத்த மறுநாள் காலையிலேயே, மகளுக்கு நல்ல கரி இல்லாததுதானே கஷ்டம் என்று, விலாங்குமீன் கடைக்காரரிடம் கெஞ்சி, கீஷூ மலையிலிருந்து அவர் தருவிக்கிற உயர்ந்த கரியில் ஒரு கட்டு வாங்கி விரைவு அஞ்சலில் அனுப்பினேன். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற கரி. இரண்டு நாளில் பதில் வந்தது. “அப்பா, அதை உள்ள வெச்சா இயந்திரம் சுருதியே சேரமாட்டேங்குது. அது வெந்து வெந்து உலோகம் மாதிரி மின்சாரம் கடத்துது. நல்ல கரி எங்களுக்கு ஆகாது. பாதி வெந்த கரிதான் வேணும்.” பாதி வேக வைப்பதில் எனக்கு இணை கிடையாது என்று தோமியே இருபது வருஷமாகச் சொல்லி வருகிறாள். ஆகவே தெம்போடு எழுந்து, மறுபடி தாமரைக்காய் சுடலாமென்று கடைக்குப் போகப் புறப்பட்டு, வாங்கியதைப் போட டப்பா எடுக்க அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் என் அரிசி பிஸ்கட் டப்பா. உள்ளே என் தாமரைக்காய்கள். நான் அடுக்கி வைத்தபடியே, ஒன்று குறையாமல்.

அப்படியானால் நவம்பரில் எரித்தது எதை? யோசித்தேன். அதே மாதிரி டப்பாவில் தோமியே பெர்சிமன் என்கிற சீமைப்பனிச்சைப் பழத்தின் காய்ந்த காம்புகளைச் சேர்த்து வைப்பாள். விக்கலுக்குக் கஷாயம் போட. அந்த டப்பாவைத் தேடினேன். இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது. மதோகா நாற்பது தாமரைக்காயை வெட்டியாக வேக வைத்திருக்கிறாள், கூட்டத்தில் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், எல்லாம் நான் டப்பாவைத் திறந்து பார்க்காத குற்றம். உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. முதலில் ஒரு டப்பா சரியாக வேக வைத்துக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அன்று சாயங்காலம் தோமியேயிடம், “உன் விக்கல் காம்பு டப்பாவை எலி இழுத்துட்டுப் போயிருக்கும் போல,” என்று முந்திக்கொண்டு சொல்லி வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “டப்பாவையேவா?” என்றாள். “பெரிய எலி,” என்றேன். “சரி,” என்றாள். நாலாவது பொய்.

காம்பு வேண்டுமானால் உலர்ந்த பழம் தின்றாக வேண்டும். பிப்ரவரியில் வேறு எங்கே கிடைக்கும்? கடையில் இருந்த உலர்பழம் எல்லாவற்றையும் வாங்கி, தோமியே கண்ணில் படாமல் கார் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு நாளில் இருபத்தேழு பழம் தின்றேன். அதன் விளைவாக அடுத்த நாலு நாள் என் நிலைமை என்ன ஆயிற்று என்பதை ஒரு பேராசிரியருக்கு எழுத முடியாது. மருந்துக்கடைப் பெண்மணி, “இந்த வயசுல இருபத்தேழா?” என்று கேட்டதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அடுத்த இடைஞ்சல், பிப்ரவரியில் சுமோ கிடையாது. இனி மார்ச்சில்தான். மாதக் கடைசிக்குள் மகளுக்குக் கரி வேண்டும், எனக்கோ சுமோ இல்லாமல் நேரம் தெரியாது. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு குடோ நவம்பர் போட்டியின் கடைசி நாளைப் பதிவு செய்து வைத்திருந்தார். தோமியே பனிக்குடில் திருவிழாவுக்கு இனிப்புக் கஞ்சி காய்ச்சப் பேட்டைச் சங்கத்துக்குப் போகிற பகல் பார்த்து, குடோவைப் பதிவுப் பெட்டியோடு வரவழைத்தேன். மேல்வரிசை மல்லர்கள் முந்தானையோடு வந்தார்கள். டப்பாவை உள்ளே வைத்தேன். விறகு எடுக்க வெளியே போய்த் திரும்பி வந்தால், கடைசிக்கு முந்தின பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது.

“என்ன குடோ இது, அதுக்குள்ள?”

“அண்ணே, உப்பு எறியறது, முறைக்கறது, துண்டால தொடைக்கறது, இதையெல்லாம் யாரு பாக்கறது? ஓட்டிவிட்டுட்டேன்.”

“அந்த உப்பும் முறைப்பும்தான்யா எனக்கு நேரம்.”

டப்பாவைத் திறந்தால் காம்புகள் லேசாகப் பழுப்பேறியிருந்தன, அவ்வளவுதான். மறுநாளும் தோமியே சங்கத்துக்குப் போனதும் ரிமோட்டை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மல்லரும் உப்பு எறிந்ததையும் முறைத்ததையும் முழுசாக இருவரும் பார்த்தோம். குடோ இரண்டு தடவை தூங்கினார். டப்பாவை எடுத்துச் செங்கல்மேல் வைத்தேன். ஓட்டைச் செருப்பையே போட்டுக்கொண்டிருந்தேன், எதுவும் மாறக்கூடாது. யோகோசுனா விழுந்தார். குஷனை எறிந்தேன். அது டப்பாவைத் தாண்டிப் போய்த் தேநீர்க் கெண்டியைச் சாய்த்தது. மறுபடி ஓட்டி, மறுபடி யோகோசுனாவை விழவைத்து, மறுபடி எறிந்தேன். சாமி மாடத்தில் பட்டது.

“அண்ணே, அன்னிக்கி வயிறெரிஞ்சு எறிஞ்சீங்க,” என்றார் குடோ. “இன்னிக்கி அந்தாளு தோக்கப் போறது தெரிஞ்சுகிட்டே எறியறீங்க. அது எப்படி நேரா போகும்?”

இந்த மனிதர் ஆயுசில் சொன்ன ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். ஆனால் டப்பா ஆறிக்கொண்டிருக்கிறது, என்ன செய்ய? மதோகாவைப் பார்த்துச் சிரித்த அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். எறிந்தேன். நேராகப் போய் அடித்தது. சிதறின, மிதித்தேன், சாம்பலைக் கொட்டி மூடினேன். அப்புறம், ஐயா, உட்கார்ந்து பென்சில் எடுத்தேன். டப்பா உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மூடி திறந்து கிடந்த வினாடிகள், விறகு எத்தனை, என்ன மரம், எல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துச் சபதம் உடைந்தது. கையெழுத்து கெட்டுப்போகவில்லை என்று எனக்கே திருப்தி.

இணைப்பில் உள்ள கண்ணாடிப் புட்டியில் இருப்பது அந்தக் கரிதான். பனிச்சைக் காம்பு, தாமரை அல்ல. தயவுசெய்து மதோகாவிடம் கொடுத்து இயந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லவும். கோடு விரிந்தால் அடுத்த கூட்டத்தில், கரிக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டில் இருந்த பிழை அவளுடையதல்ல, அவளுடைய அப்பன் டப்பாவைத் திறந்து பார்க்காத சோம்பேறி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடவும். சிரித்தவர் இன்னொரு தடவை சிரித்துக்கொள்ளட்டும், என்னைப் பார்த்து. அவளுக்கு நேரடியாக எழுதாமல் தங்களுக்கு எழுதக் காரணம், அவளுக்கு எழுதினால், “பரவாயில்லப்பா,” என்பாள். பரவாயில்லை என்று அவள் சொல்லிக் கேட்க என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே எதையும் பொறுக்கி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேட்கிற பெண். அவளை ஏமாற்றுக்காரி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அது ஒன்றுதான் என் கவலை.

தங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாக் காந்தங்களும் நல்லபடி இழுக்கட்டும், எலிகள் நோயின்றி இருக்கட்டும், தங்கள் குடும்பம் தழைக்கட்டும். பனி நாளில் வழுக்காத காலணி போட்டுக்கொள்ளவும். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசிகளும் உரித்தாகுக.

பணிவுடன்,
தொகாஷி எய்கிச்சி
பிப்ரவரி 17

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதியது அத்தனையையும் தள்ளிவிடவும். புட்டியில் உள்ள கரி எதற்கும் உதவாது.

பெரியவர்களுக்கு எழுதும் கடிதத்தில் மரியாதைச் சொற்களை நான் தப்பாகப் போடுவேன் என்பதால் தோமியே திருத்திக் கொடுப்பது வழக்கம். இதையும் கொடுத்தேன், நாலு பொய்யும் வெளியே வந்துவிடுமே என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். இரண்டு மரியாதைச் சொற்களைத் திருத்தினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினாள்.

“காம்பை நான் அக்டோபர்லயே குடோ பொண்டாட்டிக்கு விக்கல்னு குடுத்துட்டேன். டப்பாவோட,” என்றாள்.

“அப்போ நான் எதை எரிச்சேன்?”

“மதோகாவோட ஓக் கொட்டைங்களை.”

ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட வாசல் மரத்தடியில் அவள் தினமும் ஓக் கொட்டை பொறுக்கிக்கொண்டு வருவாள், சட்டைப்பை கிழியக் கிழிய. உள்ளிருந்து புழு வருமென்று தோமியே உப்புத் தண்ணீரில் வேக வைத்து, வெயிலில் காயவைத்து, அரிசி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். முப்பது வருஷமாக. நவம்பரில் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன் அன்னிக்கே சொல்லல?”

“சொன்னா உக்காந்து அழுவீங்க. ஏற்கெனவே அந்தக் குண்டன் தோத்துட்டான்னு மூஞ்சி தொங்கிப்போய் இருந்தீங்க. போனது போச்சு, அவ பொறுக்கினது அவகிட்டயே போகட்டும்னு பை தெச்சுக் குடுத்தேன். அது அவ மிஷின்ல போற விஷயம், அவ வேலை அதுல தொங்கற விஷயம், இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? சளின்னு சொன்னீங்க.”

நான் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“இருபத்தேழு பழமா தின்னீங்க?” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம் அவளுக்கும் சளி பிடித்தது.

மரம் இன்னும் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்கிறது. அடியில் பனி ஐந்தடி இருக்கும், அதற்குக் கீழே இலையுதிர்காலத்துக் கொட்டைகள் கிடக்கும். தோமியே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இப்போதே போய்விட்டாள். பனி தோண்டுவதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை, அதனால் இடுப்பு ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நானும் கிளம்புகிறேன். உப்புத் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள் வெயில் என்று தோமியே சொல்லச் சொல்ல, இணைத்த தாளின் பின்பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தில் காம்பு என்று இருக்கும் இடத்தில் எல்லாம் ஓக் கொட்டை என்று வாசிக்கவும். பச்சைக் கொட்டை வேறு, முப்பது வருஷம் காய்ந்தது வேறு என்று மதோகா சொல்வாள். தெரியும், என்றாலும் அனுப்புகிறோம். மாதக் கடைசிக்குள் ஒரு மூட்டை வந்து சேரும். புட்டியில் உள்ள கரியைக் குளிர்பெட்டியில் தொங்கவிடவும். அப்படியென்றால் ஊறுகாயையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

உறைக்குள் பஞ்சில் சுற்றி ஒரு கொட்டை வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்துக் கொட்டை இதுதான் பாக்கி. தலையில் தொப்பி மாதிரி மூடி கழலாமல் இருந்ததால் தோமியே அப்போதே தனியாக எடுத்துத் தையல் பெட்டியில் வைத்திருந்தாளாம். எந்த ஜாதி மரம் என்று தங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும், கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டட்டும். பார்த்த பிறகு மதோகாவின் கையில் கொடுத்துவிடவும். யார் கேட்டாலும், எந்தச் சோதனைக்கானாலும், இதை மட்டும் எரிக்க வேண்டாம் ஐயா.